பிரிவுக்குக் காலவரை உண்டா?

(வட்டத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டு நிறைவையொட்டி ஒவ்வோர் உறுப்பினரும் ஒரு பொருள் பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, சங்க அகப்பாடல்களில் பிரிவு என்ற தலைப்பை எழுதிக் கொடுத்தேன். உரையைத் தயாரிக்க அமர்ந்தபின், அந்தப் பொருளை நான் நூல்களில் கற்றதைவிட ஒரு விண்ணப்பக் கோப்பின் வழியாகவே அதிகம் கற்றிருக்கிறேன் என்பது புரிந்தது. ஆதலால் இன்று இரண்டையும் சேர்த்துப் பேசப் போகிறேன். கணவனோ மனைவியோ ஸ்பொன்சர் செய்து, நிரந்தர வதிவிட உரிமைக்கான முடிவு வராமல் இருக்கும் காலத்தில், நாட்டை விட்டுப் பயணம் போகலாமா என்பதே என் பேச்சின் பொருள். இது சட்டத்தரணியின் அலுவலகத்தில் கேட்க வேண்டிய கேள்வி என்று சிலர் நினைக்கலாம். ரொறன்ரோவில் தமிழில் கவிதை எழுதுகிற எவருக்கும் இது இலக்கியக் கேள்வியும்தான் என்பது என் எண்ணம். ஏன் என்பதை முடிவில் உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

முதலில் தொல்காப்பியத்திலிருந்து தொடங்குகிறேன். பொருளதிகாரம் பிரிவை வகைப்படுத்துகிறது. ஓதலுக்காகப் பிரிதல், பகைவயிற் பிரிதல், தூது போதல், பொருள் தேடப் பிரிதல் என்று காரணங்களைச் சொல்கிறது. அதோடு நின்றுவிடாமல் கற்பியலில் அந்தப் பிரிவுகளுக்குக் கால எல்லையும் வகுக்கிறது. கல்விக்காகப் பிரிந்தவன் மூன்று ஆண்டுகளைக் கடக்கலாகாது. வேந்தனுக்குரிய தொழிலின்பொருட்டுப் பிரிந்தவன் ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும். ஏனைய பிரிவுகளுக்கும் அதே எல்லை. இலக்கணம் எழுதியவர் காதலர் படும் துன்பத்துக்கு ஏன் அளவு வகுத்தார் என்று மாணவனாக இருந்த காலத்தில் வியந்திருக்கிறேன். இப்போது வியப்பதில்லை. எல்லை தெரிந்த பிரிவைத் தாங்கலாம். கார்காலத்தில் வருவேன் என்று சொல்லிப் போனவனுக்காக மேகத்தைப் பார்த்திருக்கலாம். சுவரில் கோடிட்டு எண்ணலாம். நாள்களைத் தொட்டுத் தொட்டு எண்ணி விரல் தேய்ந்த தலைவியை வள்ளுவரும் காட்டுகிறார். எண்ணுவதற்கு ஓர் இறுதி எண் இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் அவள் எண்ணினாள்.

நாம் வாழும் நாட்டில் 2016 டிசம்பரில், கணவன் மனைவி விண்ணப்பங்களில் பெரும்பாலானவற்றைப் பன்னிரண்டு மாதங்களுக்குள் முடிப்பது என்று அரசு ஓர் இலக்கை அறிவித்தது. நச்சினார்க்கினியர் இருந்திருந்தால் தொல்காப்பியர் சொன்ன ஓராண்டு இதுவே என்று உரை எழுதியிருப்பார். ஆனால் விதி வேறு, இலக்கு வேறு. விதியை மீறினால் கேட்கலாம். இலக்குத் தவறினால் காத்திருக்கத்தான் முடியும்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2016இல் யாழ்ப்பாணத்திலிருந்து மாணவனாக இந்த நகருக்கு வந்தேன். 2018இல் படிப்பு முடிந்தது. மூன்றாண்டுக்கான வேலை அனுமதிப்பத்திரம் கிடைத்தது. அதே ஆண்டின் இறுதியில் மணம் நடந்தது. என் மனைவி சிறுவயதில் பெற்றோருடன் வந்து இங்கேயே வளர்ந்த கனடியக் குடியுரிமையாளர். 2019 பெப்ரவரியில் என்னை ஸ்பொன்சர் செய்து விண்ணப்பம் போட்டார். தொல்காப்பியத்தில் கடல் கடந்த செலவு பெண்ணோடு இல்லை என்று பொருள் கொள்ளப்படும் ஒரு விதி உண்டு. எங்கள் வீட்டில் அது தலைகீழாயிற்று. கடல் கடந்து வந்து நிலைபெற்றவர் அவர். அவருடைய கையொப்பத்தின் நிழலில் நிற்பவன் நான். ஆணாகப் பிறந்தவனுக்கு இதில் கற்றுக்கொள்ள நிறைய இருந்தது.

விண்ணப்பத்துக்கு இரண்டு வழிகள் உண்டு. அவற்றின் வேறுபாட்டைச் சரியாக அறியாமல் கையொப்பமிட்டவர்களில் நானும் ஒருவன். ஆகவே இங்கே சற்று நின்று சொல்கிறேன்.

ஒன்று, கனடாவுக்குள் ஒன்றாக வாழும் தம்பதியருக்கான வகுப்பு. 2002 ஜூன் 28ஆம் திகதி நடைமுறைக்கு வந்த குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தோடு வந்தது அது. அதற்கு முன், நாட்டுக்கு வெளியே விண்ணப்பித்து விசா பெற்று வருவதே பொது விதி. உள்ளே இருப்பவர் மனிதாபிமான அடிப்படையில் விலக்குக் கேட்க வேண்டியிருந்தது. மூத்த உறுப்பினர்கள் பலருக்கு அந்தக் காலம் நினைவிருக்கும். மற்றது, குடும்ப வகுப்பில் வெளிநாட்டு வழியாகச் செய்யும் விண்ணப்பம். இங்கே இருப்பவர்கூட விரும்பினால் இந்த இரண்டாவது வழியில் விண்ணப்பிக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. எனக்கும் தெரியவில்லை. நாங்கள் இருவரும் ஸ்காபரோவில் ஒரே வீட்டில் இருக்கிறோம், ஆகவே உள்நாட்டு வழிதான் நமக்குரியது என்று நினைத்து முடித்துவிட்டேன்.

உள்நாட்டு வகுப்பின் உயிர்நாடி, தம்பதியர் கனடாவில் சேர்ந்து வாழ்வது. விண்ணப்பதாரர் வெளியே போய்த் திரும்பி வர முடியாமற் போனால் அந்த உயிர்நாடி அறுகிறது. விண்ணப்பம் நிற்க இடமில்லாமற் போகலாம். பின்னர் வெளியிலிருந்து முதலிலிருந்தே தொடங்க வேண்டும். அது மறுக்கப்பட்டால் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகும் உரிமையும் இந்த வகுப்பில் இல்லை. வெளிநாட்டு வழியில், மறுப்பு வந்தால் பொதுவாக ஸ்பொன்சர் செய்தவர் மேன்முறையீடு செய்யலாம். விண்ணப்பதாரர் எந்த நாட்டில் இருந்தாலும் கோப்பு உயிரோடு இருக்கும்.

இதைவிட முக்கியமான ஒன்று. விண்ணப்பம் நிலுவையில் இருப்பது திரும்பி உள்ளே வரும் உரிமையைத் தருவதில்லை. வேலை அனுமதிப்பத்திரமும் தருவதில்லை. அது வேலை செய்வதற்கான பத்திரம். இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் திரும்பி வருவதற்குக் கடவுச்சீட்டில் செல்லுபடியாகும் விசா இருக்க வேண்டும். விசா இருந்தாலும் விமான நிலையத்தில் முடிவு சொல்பவர் எல்லை அதிகாரி. நிரந்தரமாக வாழ விரும்புவது தற்காலிகமாக வருவதற்குத் தடையாகாது என்று சட்டத்தின் 22ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அனுமதித்த காலம் முடிந்ததும் போய்விடுவார் என்று அதிகாரிக்கு நம்பிக்கை ஏற்பட வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. வாழ வந்தவன் போகவும் தயார் என்று ஒரே மூச்சில் நம்ப வைக்க வேண்டும். நம்முடைய வழுவமைதி இலக்கணத்தில்கூட இதற்கு இடம் தேட வேண்டியிருக்கும்.

என் கடவுச்சீட்டிலிருந்த விசா 2018இன் இறுதியில் முடிந்துவிட்டது. வேலை அனுமதி 2021 வரை இருந்தது. இந்த நாட்டுக்குள் இருந்தபடியே புதிய விசாவுக்கு விண்ணப்பித்திருக்கலாம். ஒரு படிவம், ஒரு கட்டணம், சில வாரங்கள். பயணம் எதுவும் மனத்தில் இல்லாததால் செய்யவில்லை. அந்தச் சோம்பலை இன்றுவரை எவர் மீதும் சுமத்த முடியவில்லை.

2019 டிசம்பரில் அப்பா நோயில் விழுந்தார். முதலில் தங்கை சளி என்றாள். பிறகு சிறுநீரகம் என்றாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் தொலைபேசியை அப்பாவின் காதில் வைத்தாள். நான் ஒரே மகன். அப்பா ஒருபோதும் வா என்று சொல்லவில்லை. "உன்ரை அலுவல் முடிஞ்சுதே?" என்று மட்டும் ஒவ்வொரு முறையும் கேட்டார். என் அலுவல் முடிந்தால் நான் வருவேன் என்பது அவருடைய கணக்கு. வார்த்தையில் வா என்று இல்லாமலே அழைக்கத் தெரிந்தவர்.

அந்த நாள்களில் நானும் மனைவியும் சமையலறை மேசையில் காகிதங்களைப் பரப்பிக்கொண்டு இரவுகளைக் கழித்தோம். புதிய விசாவுக்கு விண்ணப்பித்தால் கடவுச்சீட்டை அனுப்ப வேண்டும். அது கையில் இல்லாத வாரங்களில் அழைப்பு வந்தால் எப்படிப் போவது? விசா இல்லாமற் போனால் கொழும்பிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். அது எத்தனை வாரம், எத்தனை மாதம் என்று எவரும் சொல்ல முடியாது. கிடைக்காமற் போனால், பத்து மாதம் காத்திருந்த கோப்பு விழும். மனைவி தனியாக இங்கே. நான் அங்கே. கோப்பு வெளிநாட்டு வழியில் இருந்திருந்தால், போய் அப்பாவோடு இருந்துகொண்டே முடிவுக்குக் காத்திருந்திருக்கலாம். அதை அப்போதுதான் அறிந்தோம்.

கடைசியில் மனைவி சொன்னார்: "நான் போறன். நீங்கள் இருங்கோ."

அவர் குடியுரிமையாளர். போய்வர எந்தத் தடையும் இல்லை. ஆயினும் ஸ்பொன்சர் செய்பவர் நெடுங்காலம் வெளியே இருந்தால் சேர்ந்து வாழ்தல் பற்றிய கேள்வி எழும் என்பதால் மூன்று வாரத்துக்கே சீட்டு எடுத்தோம். இவரைப் போன்ற குடியுரிமையாளர், குடும்ப வகுப்பில் விண்ணப்பிக்கும்போது வெளிநாட்டில் வாழ்ந்தபடியும் ஸ்பொன்சர் செய்யலாம். துணைவர் வதிவிட உரிமை பெறும்போது கனடாவில் வாழ்வேன் என்று காட்ட வேண்டும். நிரந்தர வதிவிடக்காரர் ஸ்பொன்சர் செய்வதானால் கனடாவிலேயே வாழ வேண்டும். இந்த வேறுபாட்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அவர் போய்ச் சேர்ந்த ஐந்தாம் நாள் அப்பா காலமானார். 2020 ஜனவரி. அங்கே பிற்பகல் மூன்று மணி, இங்கே அதிகாலை நாலரை. தங்கையின் மகன் கொள்ளிக்குடம் சுமந்தான். பதினொரு வயது. என் மனைவி தொலைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். முற்றத்தைத் தாண்டும்போது கை நடுங்கிப் படம் வானத்துக்குப் போய்விட்டது. ஒரு பனைமரத்தின் தலையும் வெயிலும் கொஞ்ச நேரம் தெரிந்தன. என் யன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. எட்டுச்செலவு முடித்துவிட்டு மனைவி திரும்பினார். அந்தியேட்டிக்கு இருவரும் இங்கேதான் இருந்தோம்.

தொல்காப்பியத்தில் செலவழுங்குதல் என்று ஒன்று உண்டு. புறப்பட்டவன் தயங்கி நிற்பது. அப்படி நிற்பது போகாமல் விடுவதற்காக அன்று, தலைவியைத் தேற்றிவிட்டுப் போவதற்காகவே என்று நூல் விளக்குகிறது. நான் அந்த விளக்கத்துக்குள் அடங்க முயன்று தோற்றவன். என்னுடையது உண்மையாகவே செல்லாமை. அதற்கு இலக்கணத்தில் பெயர் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திரும்பி வந்த மனைவியின் பையிலிருந்து விமானத்தில் ஏறும் சீட்டின் துண்டை எடுத்துக் கோப்புக்குள் வைத்தேன். கேள்வி வந்தால், அவர் மாமனாரின் மரணத்துக்காகவே போனார், மூன்று வாரத்தில் என்னிடமே திரும்பி வந்தார் என்று காட்டுவதற்காக. மரணச் சான்றிதழின் பிரதியையும் மொழிபெயர்ப்போடு வைத்தேன். அப்பாவின் மரணம் எங்கள் மணம் மெய்யானது என்பதற்கு ஒரு சான்றாயிற்று. அதைச் செய்த கை என்னுடையதுதான்.

சான்று என்ற சொல்லைப் பற்றி இங்கே கவிஞர்களுக்கு ஒரு வார்த்தை. மணம் உண்மையானது என்றும், குடிவரவை முதன்மை நோக்கமாகக் கொண்டு செய்யப்படவில்லை என்றும் அதிகாரி ஏற்க வேண்டும். அதற்குப் படங்கள், கடிதங்கள், தொலைபேசிப் பட்டியல், கூட்டு வங்கிக் கணக்கு என்று சேர்க்கிறோம். பிரிந்து வாழும் தம்பதியருக்கு, ஒருவரை ஒருவர் தேடிச் சென்ற பயணச்சீட்டுகள் வலுவான சான்று. உள்நாட்டு வகுப்பில் அதே பயணம் ஆபத்து. ஒரு வழியில் போனால் அன்பு மெய்ப்படும். மற்ற வழியில் போகாமலிருந்தால்தான் மெய்ப்படும். நான் மனைவிக்கு மணத்துக்கு முன் எழுதிய நான்கு கவிதைகளையும் கோப்பில் வைத்தேன். தமிழில் இருந்தால் மொழிபெயர்ப்பு வேண்டும் என்பது விதி. தகுதிபெற்ற மொழிபெயர்ப்பாளர் பக்கக் கணக்கில் கட்டணம் வாங்கிக்கொண்டு, "இந்த வரியில் நிலா என்றால் நிலாவா, அவரா?" என்று கேட்டார். இரண்டும் என்றேன். ஒன்றைத்தான் போட முடியும் என்றார். நிலாவையே போடச் சொன்னேன். என் கவிதைகளை இவ்வளவு கவனமாக வாசித்த விமர்சகர் அவருக்கு முன்னும் பின்னும் இல்லை.

இது என் ஒருவனுடைய துன்பம் என்று எண்ணிவிட வேண்டாம். 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் கண்டெடுக்கப்பட்ட 155 தமிழரை நினைத்துப் பாருங்கள். அக்காலத்தில் வந்தவர்களில் எத்தனை பேர் மனைவியை ஊரில் விட்டு வந்து ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள்! இந்த அவையிலும் அப்படிக் காத்திருந்தவர்கள் இருக்கிறார்கள். அகதியாக ஏற்கப்பட்டவர், குடியுரிமை பெறும் முன் சொந்த நாட்டுக்குப் போனால் பாதுகாப்பை இழக்கும் ஆபத்து உண்டு. 2012 டிசம்பரில் வந்த சட்டத் திருத்தத்தின்பின், அப்படி இழப்பவரின் நிரந்தர வதிவிட உரிமையும் சேர்ந்தே போகக்கூடும். நம் திருமணங்கள் பல சென்னையிலும் திருச்சியிலும் சிங்கப்பூரிலும் நடந்ததன் காரணங்களுள் இதுவும் ஒன்று. மாப்பிள்ளை ஊருக்குப் போக முடியாது. பெண் இங்கே வர முடியாது. மூன்றாவது நாட்டின் மண்டபமொன்றில் தாலி கட்டிவிட்டு, சில வாரங்களில் இருவரும் வெவ்வேறு விமானத்தில் ஏறினார்கள். உடன்போக்குப் பாடிய மரபில் வந்த நமக்கு, மணம் முடித்த உடனேயே தனித்தனியே போகும் இந்தப் போக்குக்கு ஒரு துறை வகுக்கத் தோன்றவில்லை.

இளைய உறுப்பினர்களுக்கு அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்லி நிறைவுக்கு வருகிறேன். எந்த வழியில் விண்ணப்பிப்பது என்பதைக் கையொப்பமிடும் முன் தீர்மானியுங்கள். ஊரில் முதிய பெற்றோர் இருந்தால், போக வேண்டி வரும் என்று கருதியே தீர்மானியுங்கள். கடவுச்சீட்டிலுள்ள விசாவின் முடிவுத் திகதியையும் வேலை அனுமதியின் முடிவுத் திகதியையும் தனித்தனியே எழுதி வையுங்கள். இரண்டும் ஒன்றன்று. அனுமதியை நீடிக்க விண்ணப்பித்துவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் காலத்தில், நாட்டுக்குள் இருக்கும் வரைக்கும்தான் பழைய நிபந்தனைகளில் தொடரலாம். வெளியேறினால் அந்த நிழல் போய்விடும். சட்டபூர்வ நிலை முடிந்துவிட்டவரும் உள்நாட்டு வகுப்பில் விண்ணப்பிக்க 2005ஆம் ஆண்டின் கொள்கை இடம் தந்தது. ஆனால் அத்தகையவர் வெளியே காலடி வைப்பது எல்லாரையும்விட அபாயமானது. மருத்துவப் பரிசோதனை பொதுவாகப் பன்னிரண்டு மாதமே செல்லும். முகவரி மாறினால் அறிவியுங்கள். போகத்தான் வேண்டும் என்றால், காரணத்துக்கான கடிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு, தகுதியுள்ள சட்டத்தரணியைக் கேட்டுவிட்டுப் போங்கள். கோயில் வாசலில் கிடைக்கும் ஆலோசனையை நம்பாதீர்கள். நான் நம்பியது அதைத்தான்.

2020 ஜூனில் எனக்கு வதிவிட உரிமை வந்தது. அப்போது கொழும்பு விமான நிலையம் நோய்த்தொற்றால் மூடியிருந்தது. 2022இல்தான் ஊருக்குப் போக முடிந்தது. வீட்டுச் சுவரில் அப்பாவின் படம் மாட்டியிருந்தது. அதற்குப் பக்கத்தில், 2020ஆம் ஆண்டு நாட்காட்டி ஜனவரியிலேயே நின்றது. தங்கை கிழிக்காமல் விட்டிருந்தாள். டிசம்பரிலிருந்து அப்பா ஒவ்வொரு நாளுக்கும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து வந்தாராம். என் அலுவல் முடியும் நாளுக்காக. புள்ளிகள் ஜனவரி 14இல் நின்றிருந்தன.

சுவரில் கோடிட்டு நாள் எண்ணுவது தலைவிக்குரிய செயல் என்று படித்திருக்கிறோம். அதைத் தந்தையும் செய்வார் என்று எந்த நூலும் எனக்குச் சொல்லவில்லை. நான் இன்னும் அதைப் பற்றி ஒரு கவிதை எழுதவில்லை. நான்கு முறை தொடங்கி நிறுத்தியிருக்கிறேன். இங்கே இருப்பவர்களில் எவராவது எனக்கு முன் எழுதினால் நான் வருந்தமாட்டேன். அடுத்த கூட்டத்தில் அதை வாசிக்கும்படி கேட்டுக்கொள்வேன்.